எந்த லில்லியை வளர்ப்பது?

லில்லி என்ற பெயரால் மும்பையில் விற்கப்படும் பூக்களை எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுத் தேறும். தாதர் பூச்சந்தையில் நீண்ட காம்போடு கட்டுக் கட்டாக வருவது ஒன்று. மழைக்காலத்தில் சாலை நடுவே வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூத்துக் கிடப்பது ஒன்று. சிலந்திக் கால்களைப் போல இதழ் நீண்டது ஒன்று. குளத்தில் மிதப்பது ஒன்று. இவற்றுள் தாவர நூலார் லில்லி என்று ஒப்புக்கொள்வது முதலாவதை மட்டுமே. அந்த ஒன்றுதான் நம் வீட்டில் நிலைக்க மறுப்பது! இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். அறிவியல் மாணவன் என்ற பெயரும் இருக்கிறது. ஆயினும் கைக்காசைச் செலவழித்த பிறகே தெரிந்துகொண்டேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெந்தாம், ஹூக்கர் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் 1862 முதல் 1883 வரை எழுதி முடித்த பெருநூலில் லில்லிக் குடும்பம் ஒரு பெரிய கூட்டுக் குடும்பமாக இருந்தது. நம் வீட்டு வெங்காயமும் பூண்டும் அதில் அடக்கம். சோற்றுக்கற்றாழை அதில் உண்டு. தண்ணீர்விட்டான் கிழங்கும் உண்டு. மூன்றும் மூன்றுமாக ஆறு இதழ், ஆறு மகரந்தத் தாள், மேலே நிற்கும் சூலகம் என்னும் பூவின் அமைப்பே உறவுக்குச் சான்றாயிற்று. பின்னர் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்தது. 1998-இல் வெளிவந்த புதிய வகைப்பாடு அந்தக் கூட்டுக் குடும்பத்தைப் பாகம் பிரித்தது. இன்று வெங்காயம் ஒரு வீடு, கற்றாழை வேறு வீடு. நாம் மாலையில் கட்டும் நிலச்சம்பங்கி ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய உறவு என்று கண்டு, அந்த இனத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். குளத்து அல்லியோ இந்தச் சண்டையிலேயே இல்லை. பூக்கும் தாவரங்களின் வரலாற்றில் மிகப் பழங்காலத்திலேயே தனி வழி பிரிந்த கிளை அது. ஆங்கிலேயர் அதை ‘நீர் லில்லி’ என்றது பேச்சு வழக்கே.

இனி என் தோல்விக்கு வருகிறேன். நம் வளாகத்துக்கு விக்ரோலியிலிருந்து வருபவன் நான். அவ்வூரை இரயில் சன்னல் வழியாக மட்டும் பார்த்த அன்பர்களுக்கு ஒரு சொல்: தண்டவாளத்துக்கு மேற்கே பவாய்ப் பக்கமாக ஏறும் குன்று, கருங்கல்லும், அது உதிர்ந்து உண்டான ‘முரூம்’ என்னும் செம்மண் சரளையும். கிழக்கே நெடுஞ்சாலையைத் தாண்டினால் அலையாத்திக் காடு, அதன் பின் தாணே கழி. எங்கள் வீடு கிழக்குப் பக்கம், தரைத்தளம். சன்னலுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். கரிய களிமண், தோண்டினால் உப்புப் பூக்கும். ஜூலையில் மூன்று நாள் மழை பெய்தால் அங்கே தண்ணீர் ஒரு வாரம் நிற்கும்.

இந்த இடத்தில்தான் நர்சரி ஒன்றில் பூத்த தொட்டியாக வாங்கி வந்த லிலியத்தை வைத்தேன். வெண்மையான பெரிய பூ. மாலை நேரத்தில் வீடு முழுவதும் மணம். பன்னிரண்டு நாள் ஊரே வந்து பார்த்தது. அடுத்த ஆண்டு இலை வந்தது, பூ வரவில்லை. அதற்கடுத்த மழையில் மண்ணுக்குள் இருந்த குமிழ் அழுகிக் கூழாயிற்று.

காரணம் எளிது. லிலியம் இனத்தின் குமிழ், அதாவது வெங்காயம் போன்ற அடித்தண்டு, குளிர்காலத்தை உணர்ந்தாக வேண்டும். வணிகர்கள் அதை 2 முதல் 5 பாகைக் குளிரில் ஆறேழு வாரம் அறையில் அடைத்து வைத்துத்தான் நடுவதற்கு அனுப்புகிறார்கள். அந்தக் குளிர்தான் ‘இனி பூக்கலாம்’ என்ற ஆணை. மும்பையில் ஜனவரி இரவுகளிலும் சராசரி 16, 17 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. ஆணை வராத குமிழ் இலையோடு நின்றுவிடும். நான் வாங்கியது யாரோ ஒருவர் குளிரூட்டிக் கொடுத்த பூ. அந்த ஒரு குளிருக்கு அந்த ஒரு பூ. உதகையிலும் கொடைக்கானலிலும் பசுமைக்குடிலில் இதை வளர்ப்பவர்களும் ஹாலந்திலிருந்து குமிழ் தருவித்தே வளர்க்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கே உரிய லிலியம் ஒன்றும் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் உயரமான புல்வெளிகளில் நீண்ட குழல் போன்ற வெள்ளைப் பூவோடு ஒரு லில்லி பூக்கிறது. இராபர்ட் வைட் என்ற தாவர அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை நீலகிரியின் பெயராலேயே குறித்துவைத்தார். மலையின் குளிரும் பனியும் அதற்கு வேண்டும். அதை விக்ரோலிக்கு அழைத்து வருவது கொடுமை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் பூனை இருந்தால் எந்த லிலியமும் வேண்டாம். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டு உயிருக்கு ஆபத்தாகும்.

ஆகவே ‘எந்தப் பூ அழகு’ என்பது முதற்கேள்வி அன்று. ‘இந்தச் செடியின் கிழங்கு எப்போது தூங்கும், எதைக் கேட்டு விழிக்கும்’ என்பதே முதற்கேள்வி. லில்லி என்று நாம் அழைப்பவற்றுள் பலவும் மண்ணுக்குள் ஒரு சேமிப்பை வைத்துக்கொண்டு ஆண்டில் ஒரு பகுதி தூங்குபவை. சிலவற்றைக் குளிர் தூங்கவைக்கும், சிலவற்றை வறட்சி. மும்பையில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி எட்டு மாதம் ஏறக்குறைய வறட்சி. வறட்சியில் தூங்கி மழையில் விழிக்கும் லில்லியே நமக்கு ஏற்றது.

அப்படிப் பார்த்தால் இரண்டு வேட்பாளர்கள். ஒன்று மழை லில்லி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1821-இல் வில்லியம் ஹெர்பர்ட் என்பவர் மேற்குக் காற்றின் கிரேக்கப் பெயரைச் சேர்த்து அதற்கு ‘செஃபிராந்தஸ்’ என்று பெயரிட்டார். மேற்கிலிருந்து மழைக்காற்று வீசும் ஊரில் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. சன்னல் கம்பிக்கூண்டில் ஒரு சிறு தொட்டி போதும். ஒரு நல்ல மழைக்குப் பின் நாலைந்து நாளில் பூக்கும். சாவதே இல்லை. விடுதி அறையில் இருக்கும் அன்பர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அது போதவில்லை.

மற்றொன்று காந்தள்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த தொண்ணூற்றொன்பது பூக்களின் பட்டியல் வருகிறதே, அதில் முதற்பூ செங்காந்தள், அடுத்தது ஆம்பல். நம் புலவர்கள் மகளிர் விரலுக்கு அதை உவமை சொன்னார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. லின்னேயஸ் 1753-இல் அதற்கு வைத்த இலத்தீன் பெயர் ‘குளோரியோசா சூப்பர்பா’. புகழும் செருக்கும் சேர்ந்த பெயர். பூவைப் பார்த்தவர்கள் அதை மிகை என்று சொல்ல மாட்டார்கள். ஆறு இதழ்களும் கீழ்நோக்கி விரியாமல் மேல்நோக்கி மடிந்து, ஓரம் அலை அலையாக நெளிந்து, தீக்கொழுந்து போல நிற்கும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, சில நாளில் பூ முழுவதும் சிவந்துவிடும். கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. ஒவ்வோர் இலையின் நுனியே சுருண்டு எதையாவது பிடித்துக்கொள்ளும்.

இது கோடையில் மண்ணுக்கு மேல் இராது. முதல் மழையில் முளைக்கும், ஏறும், பூக்கும், காய்க்கும், மாயும். சென்ற ஆகஸ்டில் குன்றின் பக்கம் ஒரு வேலி ஓரத்தில் இதைத் தற்செயலாகக் கண்டேன். போரிவிலி தேசியப் பூங்காவிலும் மழைக்காலத்தில் பார்க்கலாம். நாம் ஊர் விட்டு ஊர் வந்து நினைத்து ஏங்கும் பூ, நமக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது! மராத்தியில் இதற்குக் ‘களலாவி’ என்று பெயர். எங்கள் மாடியில் இருக்கும் இரத்தினகிரிக்கார ஆஜி வேறொரு பெயர் சொன்னார்: ‘கௌரீச்சே ஹாத்’, கௌரியின் கைகள். பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டிய கௌரி பூசைக்கு அவர் ஊரில் இதைக் கொண்டுவருவார்களாம். விரல் என்று நம் புலவன் கண்டதைக் கை என்று கொங்கணத்துப் பாட்டி காண்கிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் படித்ததில்லை.

இன்னொரு வியப்பு. நம்மவர் இதைக் கார்த்திகைப்பூ என்றும் அழைப்பர். ஈழத்தில் அதுவே பெருவழக்கு. வடகிழக்குப் பருவமழையோடு கார்த்திகையில் பூப்பதால் வந்த பெயர். இங்கேயோ ஆவணியிலேயே பூத்துவிடுகிறது. செடிக்கு மாதம் தெரியாது, மழைதான் தெரியும்.

இவ்வளவையும் சேர்த்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். “சன்னலுக்குக் கீழே காந்தள் வைக்கப் போகிறேன்” என்றேன்.

“காந்தளா? எது, கண்வலிக் கிழங்கா?” என்றார் அம்மா. “அதைப் போய் பிள்ளைங்க விளையாடுற எடத்துல வைக்கிறியா?”

அம்மா ஒட்டன்சத்திரத்துப் பக்கம் பிறந்தவர். திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் இது காட்டுப்பூ அன்று. விதைக்காகப் பயிரிடப்படும் பணப்பயிர். கிளுவை வேலியிலோ கம்பிப் பந்தலிலோ ஏற்றிவிடுவார்கள். இந்தப் பூவில் சூல்தண்டு செங்குத்தாக ஒரு பக்கம் மடிந்து, சூல்முடியை மகரந்தத் தாள்களுக்கு எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. காட்டில் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் அந்த இடைவெளியைக் கடந்து கொடுக்கும். ஏக்கர் கணக்கில் பயிர் வைத்தால் அவை போதா. ஆகவே காலை வேளையில் ஆள் விட்டுப் பூப்பூவாக மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். அம்மா பள்ளிக்கூடத்தை நிறுத்திய வயதில் செய்த கூலி வேலை அது. நான் குறிஞ்சிப்பாட்டில் தெரிந்துகொண்ட பூவை அவர் நாட்கூலியில் தெரிந்துவைத்திருந்தார். அவர் தெருவில் ஒரு சிறுவன், சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று எண்ணி வேலியோரம் தோண்டித் தின்று, பிழைக்கவில்லை. இதை அன்றுதான் எனக்குச் சொன்னார்.

அம்மா சொன்னது முழு உண்மை. அதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இந்தச் செடியின் விலையும் ஆபத்தும் ஒரே பொருளில்தான் இருக்கின்றன.

அப்பொருளின் பெயர் கோல்சிசின். 1820-இல் பெலத்தியே, காவெந்து என்ற பிரெஞ்சு வேதியியலார் இருவர் காந்தளின் ஐரோப்பிய உறவான கோல்சிக்கம் என்னும் செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, முதலில் குரோமோசோம்கள் இரட்டிக்கும். பின்னர் நுண்ணிய இழைகள் தோன்றி, ஒரு பாதியை இந்தப் பக்கமும் மறுபாதியை அந்தப் பக்கமும் இழுத்துச் செல்லும். அந்த இழைகள் டியூபுலின் என்னும் புரதச் செங்கற்களால் கட்டப்பட்டவை. கோல்சிசின் அந்தச் செங்கல்லைப் பற்றிக்கொண்டு அடுக்கவிடாமல் செய்துவிடுகிறது. இழை இல்லை, இழுப்பார் இல்லை, இரட்டித்த குரோமோசோம்கள் பிரியாமல் நடுவிலேயே நிற்கின்றன.

இது செடியில் நடந்தால் ஆதாயம். 1937-இல் பிளேக்ஸ்லீ என்ற அமெரிக்கர் கோல்சிசினால் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கலாம் என்று காட்டினார். ஜப்பானில் கிஹாரா அதைத் தர்ப்பூசணியில் கையாண்டார். 22 குரோமோசோம் உள்ள செடியை 44 ஆக்கி, அதைப் பழைய 22-ஓடு கலந்தால் 33 வருகிறது. ஒற்றைப்படையை இரண்டாகப் பங்கிட முடியாதல்லவா? விதை முற்றுவதில்லை. விதையில்லாத் தர்ப்பூசணி இப்படிப் பிறந்தது.

மனிதனுக்குள் நடந்தால்? நம் உடலில் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்கள் எவையோ அவையே முதலில் அடிபடும். குடலின் உட்சுவர், எலும்பு மச்சை, மயிர்க்கால். இதைத் தெரிந்துகொண்டால் நஞ்சின் போக்கு மனப்பாடம் செய்யாமலே விளங்கும். சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும். அடுத்த நாட்களில் இரத்த அணுக்கள் குறைவதும் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்வதும். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரங்களில் தலைமயிர் கொட்டுவதும். முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் ஏமாற்று. எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து இதற்கு இல்லை. தின்றது தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திராமல், செடியின் ஒரு துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதே கோல்சிசின், மருத்துவர் அளந்து கொடுக்கும் மிகச் சிறிய அளவில், கீல்வாதத்தில் வீங்கிய மூட்டுக்கு வெள்ளணுக்கள் படையெடுப்பதைத் தடுத்து வலியைத் தணிக்கிறது. மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிழங்கு, விதை, இலை, பூ எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு.

நான் அம்மாவோடு இரண்டு நாள் வாதாடினேன். அரளி நச்சில்லையா, அது நெடுஞ்சாலை நடுவே இல்லையா என்றேன். “அரளியை யாரும் கெழங்குன்னு அவிச்சுத் தின்ன மாட்டாங்கப்பா” என்றார். அந்த வாதத்துக்கு என்னிடம் விடை இல்லை. எங்கள் கட்டடத்தில் பத்து வயதுக்குக் கீழே ஒன்பது பிள்ளைகள். மண்ணைக் கிளறுவதே அவர்களுக்குத் தொழில். தரையில் வைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன். சங்கப் பூவைக் கைவிடவும் மனம் வரவில்லை. கடைசியில் அம்மாவே வழி சொன்னார்: மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கம்பிக் கதவு போட்ட பகுதி, பூட்டுச்சாவி சங்கச் செயலாளரிடம். அவரிடம் நச்சுச்செடி என்று மறைக்காமல் சொல்லி அனுமதி வாங்கினேன்.

வளர்க்க எண்ணும் அன்பர்களுக்கு நான் கண்டவை. கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டாதீர்கள். தேசியப் பூங்காவில் அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பூங்காவுக்கு வெளியிலும், மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இச்செடி அருகிவிட்டது. பயிரிடுவோரிடமிருந்து கிழங்கு வாங்கலாம். என்னுடையது மாமா வீட்டிலிருந்து, சோற்றுப் பொருள் எதனோடும் சேராமல் தனிப் பொட்டலமாக வந்தது. விதையும் போடலாம்; ஆனால் முளைக்கவே நாளாகும், பூக்க மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். முதுகலை முடிந்துவிடும்.

கிழங்கு கலப்பை போல இரண்டு கையாக மடிந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அதனால்தான். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கை வீண். மே மாதக் கடைசியில் இருபது லிட்டர் பெயிண்ட் டப்பாவின் அடியில் துளையிட்டு, குன்றுப் பக்கத்து முரூம் மண், மணல், மக்கிய உரம் கலந்து நிரப்பி, மூன்று விரல் ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான். எங்கள் களிமண்ணில் வைத்திருந்தால் லிலியத்தின் கதிதான் இதற்கும். பற்றுவதற்குத் தடித்த மூங்கில் உதவாது. இலை நுனி சிறியதாதலால் மெல்லிய கயிறு, ஈர்க்குச்சி, கம்பிவலை இவையே பிடிக்கும். ஜூன் பதினைந்து வாக்கில் முளை வந்தது. ஆகஸ்டில் பதினொரு பூ. ஆஜி மூன்று மாடி ஏறி வந்து இரண்டு பூ கேட்டார். தின்னக்கூடாது என்று நான் தொடங்குமுன், “எனக்குத் தெரியாதா?” என்றார். காய் பிடிக்க விடாமல் வாடிய பூக்களை அம்மா கிள்ளிவிட்டார். விதை சிதறி யார் கையிலும் கிடைக்கக் கூடாது என்பது அவர் போட்ட கட்டளை. டப்பாவின் மேல் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் ‘நஞ்சு’ என்று சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.

நவம்பரில் கொடி மஞ்சளித்துக் காய்ந்தது. இதை எழுதும்போது டப்பாவில் வெறும் மண்தான் இருக்கிறது. செத்துவிட்டதா என்று செயலாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார். இல்லை, தூங்குகிறது, ஜூன் வரை யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.